வானுலகப் பாடகர்களான கின்னரர்கள் பாதி மனிதர், பாதி பறவையா? குதிரை முகம் கொண்டவர்கள் என்றும் சொல்கிறார்களே, எது சரி?

இரண்டுமே சரிதான். குமாரசம்பவத்தில் காளிதாசர் இமயத்தை வர்ணிக்கும்போது, உறைபனிப் பாதையில் மெல்ல நடந்துபோகும் குதிரைமுகப் பெண்களைக் காட்டுகிறார். அவர்களைக் கின்னர மகளிர் என்றே உரைகாரர் கொள்கிறார். பௌத்தத் தலங்களான சாஞ்சியிலும் ஜாவாவின் போரோபுதூரிலும் பார்த்தால் இடுப்புக்கு மேல் மனித உருவம், கீழே பறவையின் கால்களும் வாலும்.

இதை வைத்துக்கொண்டு, "பறவை வடிவம் பௌத்தர்களுடையது, இந்து மரபில் குதிரை முகம் மட்டும்தான்" என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. மறுப்பு மாமல்லபுரத்தில் கல்லிலேயே இருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் அந்தப் பெரும்பாறையில், பல்லவச் சிற்பிகள் 7ஆம் நூற்றாண்டில் பறவைக் கால்களோடு கின்னர இணைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆண் கையில் நரம்புக் கருவி, பெண் கையில் தாளம். யானைகளையும் தவம் செய்யும் பூனையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இவர்களைத் தவறவிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

உருவத்தைவிட இவர்களுடைய இணைபிரியாமைதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதை ஒன்றில், கின்னரியின் மீது ஆசைப்பட்ட காசி மன்னன் அவள் கணவன் சந்தனை அம்பெய்து வீழ்த்துகிறான். அரசியாக்குகிறேன் என்று அவன் அழைத்தும் அவள் மறுத்து, தேவர்களைக் குற்றம்சாட்டிக் கதறுகிறாள். அது பொறுக்காமல் தேவர் தலைவன் சக்கன் (இந்திரன்) அந்தணர் வேடத்தில் வந்து நீர் தெளித்துச் சந்தனை எழுப்புகிறான். புத்தர் இந்தக் கதையைத் தன் மனைவி யசோதரையின் அன்பைப் போற்றிச் சொன்னதாக மரபு.

நம் பெரியாழ்வாரும் இவர்களைக் "கின்னர மிதுனங்கள்" என்று இணையாகவே பாடுகிறார். கண்ணனின் குழலோசை கேட்டு நாரதரும் தும்புருவும் வீணையை மறந்துவிட, இந்த இணைகளோ இனி எங்கள் கின்னரம் என்ற இசைக்கருவியைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிடுகின்றனவாம். வானுலகப் பாடகர்களே கருவியைக் கீழே வைத்துவிட்டார்கள் என்றால், ஆயர்பாடிக் குழலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

மாமல்லபுரத்துக்குப் போனால் காலையில் போங்கள். பாறை கிழக்கு நோக்கி இருப்பதால் வெயில் நேராக விழும். நடுப்பிளவை நோக்கி விரைகிற தேவகணங்களுக்கு இடையே பறவைக் கால்களைத் தேடுங்கள்.