ஞாயிற்றுக்கிழமை மீன் விற்றால் கிருபை போய்விடுமா?

கேள்வி: கடலூர் முதுநகர்ப் பக்கம் இருக்கிறேன். லுத்தரன் சபையைச் சேர்ந்தவள். விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் தெருக்களில் விற்கிறேன். இடுப்பில் அடிபட்ட பிறகு கணவர் கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு ஒரு நாள் வியாபாரம் மற்ற மூன்று நாளுக்குச் சமம் என்பதால் ஆராதனைக்குப் போய் மாதக்கணக்காகிறது. ஓடிப்போய்க் கடைசி வரிசையில் உட்காரலாம் என்றாலும் மேலெல்லாம் மீன் வாடை, கூச்சமாக இருக்கிறது. பெண்கள் ஐக்கியத்து அக்கா ஒருவர் என்னிடம் மீன் வாங்கிக்கொண்டே, "சபை கூடிவருதலை விட்டவளிடம் கிருபை எப்படி நிற்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மகனோ, "செய்யும் தொழிலே தெய்வம், விடும்மா" என்கிறான். ராத்திரி ஜெபத்துக்கு முழங்காலில் நின்றால் அப்படியே தூங்கிவிடுகிறேன். யார் சொல்வது சரி, ஐயா?

பதில்: அன்புச் சகோதரி,

அந்த அக்கா உங்களிடம் மீன் வாங்கிய கிழமை எது என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து போகிறவர்கள் பலர் வீட்டில் மதியம் மீன் குழம்பு கொதிக்கிறது. காலையில் அதை யாரோ ஒருவர் தலையில் சுமந்து வந்து விற்றிருக்கிறார். அந்த ஆள் எப்போது ஆராதிப்பார் என்று நம் சபைகள் அதிகம் யோசிப்பதில்லை.

முதலில் கிருபையைப் பார்ப்போம். அது வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கொடுக்கிற சம்பளம் இல்லை. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று எபேசியர் 2:8 சொல்கிறது. உங்கள் சபை யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த மார்ட்டின் லுத்தருக்கும் உங்களுக்கு இருக்கிற இதே பயம் இருந்தது. 1505-ல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்தவர், உபவாசம் இருந்தார், கண்விழித்தார், மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தார். போதுமா, போதுமா என்ற கேள்வி மட்டும் ஓயவில்லை. இது சம்பாதிப்பது இல்லை, வாங்கிக்கொள்வது என்று ரோமர் நிருபத்தைப் படித்துத்தான் தெளிந்தார். அதே மனிதர் 1522-ல், குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கும் தகப்பனை ஊர் பார்த்துச் சிரித்தாலும், தேவன் தம் தூதர்களோடு சேர்ந்து மகிழ்ந்து புன்னகைக்கிறார் என்று எழுதினார். அழுக்குத் துணிக்கே அப்படி என்றால் மீன் வாடைக்கு நீங்கள் ஏன் கூசவேண்டும்? இயேசு அழைத்த பேதுருவும் அந்திரேயாவும் வலைக்காரர்கள். அவர்கள் மேல் சந்தனமா மணத்திருக்கும்?

அந்த அக்கா சொன்ன வசனம் எபிரெயர் 10:25. அதை முன்பின் சேர்த்து வாசித்துப் பாருங்கள். அதற்கு முந்தின வசனம் "ஒருவரையொருவர் கவனித்து" என்கிறது. சபை கூடிவருதலை விடாதீர்கள் என்ற கையோடு "ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்" என்று வருகிறது. ஒருவரை ஒருவர் தாங்குவதற்காகத்தான் கூடிவரச் சொல்லியிருக்கிறது. ஒருத்தியை மாதக்கணக்கில் காணோம் என்றால், வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார், பாடு எப்படிப் போகிறது என்று விசாரிப்பதும் அதே வசனம் இட்ட வேலைதான். உங்கள் கடிதத்தில் அப்படி யாரும் வந்து விசாரித்ததாக ஒரு வரிகூட இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

அதற்காக உங்கள் மகன் பக்கம் முழுதாகச் சாய்ந்துவிடவும் எனக்கு மனமில்லை. வேலையே ஆராதனை என்பது பாதி உண்மை. ஓய்வே கிடைக்காதவர்களிடம் இந்தப் பாதியை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது மற்றவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது.

ஆதி சபைக்கு ஞாயிறு விடுமுறையே கிடையாது. கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியில் ஆளுநராக இருந்த பிளினி என்ற ரோமர், கிறிஸ்தவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று விசாரித்துப் பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதினார். குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், சொன்ன சொல் தவறமாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளை இல்லையென்று சாதிக்கமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், கலைந்து போய்ப் பிறகு சாப்பிட மறுபடி கூடுகிறார்கள் என்கிறார். இந்த விவரத்தைச் சரிபார்க்க அவர் சித்திரவதை செய்தது, சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களை. காலை எட்டரை மணிக்கு வெள்ளைச் சேலை உடுத்தி வர அந்தப் பெண்களுக்கு ஏது வழி? பொழுது விடிந்தால் எஜமான் வீட்டு வேலை.

ஞாயிற்றை ஓய்வு நாளாகக் கான்ஸ்டன்டைன் சட்டம் போட்டது 321-ல்தான். அந்தச் சட்டமும் விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தது, பருவம் தவறினால் விளைச்சல் போய்விடும் என்பதால். பேரரசனுக்குப் புரிந்த இந்த விஷயம் நம் ஊரிலும் புரியும் என்று நம்புவோம். மீனும் திங்கட்கிழமை வரை காத்திருக்காது.

பிளினி எழுதிய அந்த உறுதிமொழியை இன்னொரு தடவை பாருங்கள். பாட்டுப் பாடின கையோடு அவர்கள் பேசியது கொடுக்கல் வாங்கலைப் பற்றி. உங்கள் மகன் சொல்வதற்கு உயிர் வருவது இங்கேதான். கூறு கட்டும்போது நேற்றைய ஐஸ் மீனை அடியில் வைத்து, மேலே இரண்டு புது சங்கராவைப் பரப்புவது வியாபாரத்தில் சகஜம். வாங்குகிற அம்மா செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியாதவராக இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்போது, "இது நேற்றையது, விலை குறைச்சு எடுத்துக்குங்கம்மா" என்று சொல்லி விற்கிறீர்களே, அது ஆராதனை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்ற நீதிமொழிகள் 11:1 மீன் அங்காடிக்கே எழுதினது போல இருக்கிறது. தொழில் தானாகவே தெய்வம் ஆகிவிடாது. அதை எப்படிச் செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

ராத்திரி தூக்கத்துக்காக வருத்தப்படவே வேண்டாம். துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே போக, ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் அவனைத் திட்டவில்லை, இறங்கிப்போய் அணைத்துக்கொண்டார். (பிரசங்கத்தை மட்டும் சுருக்கவில்லை, விடியும்வரை பேசினார்.) நீங்கள் முழங்காலில் நிற்காமல் படுத்துக்கொண்டே ஜெபியுங்கள். பாதியில் கண் சொக்கினால் சொக்கட்டும். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று சங்கீதம் 127 சொல்கிறது.

சரி, இனி என்ன செய்யலாம்? புரட்டாசியில் ஊரில் பாதிப்பேர் கவிச்சி தொடமாட்டார்கள், ஞாயிறு வியாபாரம் எப்படியும் படுத்துவிடும். அந்த வாரங்களில் கூடையை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஏலத்தில் மீன் குறைவு. அப்போதும் சில ஞாயிறு கிடைக்கும். மற்ற மாதங்களுக்கு, வாரநாள் மாலை ஒன்றில் உங்கள் தெருவிலேயே வீட்டு ஜெபக்கூட்டம் வைக்கமுடியுமா என்று போதகரிடம் கேளுங்கள். உங்களைப் போல ஞாயிறு விற்கிறவர்கள், நர்ஸ் வேலை, ஆட்டோ ஓட்டுகிறவர்கள் என்று அந்தப் பக்கம் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். கணவருக்கும் உங்களுக்கும் வீட்டில் வந்து திருவிருந்து கொடுக்கும்படியும் கேளுங்கள். நோயாளிகளுக்கு அப்படிக் கொடுப்பது சபையில் புதிதல்ல, சலுகை கேட்கிறோமே என்று தயங்கவேண்டாம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து மகனிடம் கொடுத்தனுப்புங்கள்.