வீட்டில் வடித்த பியரை பாட்டிலில் அடைப்பதும் பதமாக்குவதும்: கேள்வி பதில்

கேள்வி: ஏர்லாக்கில் (நொதிக்கும் பாத்திரத்தின் வாயுவை வெளியே விடும் நீரடைப்பில்) குமிழி நின்று இரண்டு நாட்கள் ஆகின்றன. பாட்டிலில் அடைக்கலாமா?

பதில்: குமிழியை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் நொதித்தல் நடக்கும்போதே குமிழி நின்றுவிடும். அறை சூடேறினால் நொதித்தல் முடிந்த பிறகும் குமிழி வரும். ஹைட்ரோமீட்டரால் அடர்த்தியை அளந்து, இரண்டு மூன்று நாட்கள் கழித்து மீண்டும் அளந்து, இரண்டு அளவுகளும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடையுங்கள். 1.010 வரை இறங்க வேண்டிய பியரை 1.014இல் அடைத்தால், மிஞ்சிய நான்கு புள்ளிகள் (0.004) அளவுச் சர்க்கரையும் பாட்டிலுக்குள்ளேயே நொதித்து, நுரைக்காக அடைக்கும்போது நீங்கள் சேர்க்கும் சர்க்கரை தருவதற்கு மேல் ஏறத்தாழ இரண்டு பங்கு கரியமில வாயுவை உண்டாக்கும். (ஒரு லிட்டர் பியரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் அது ஒரு பங்கு.) அந்த அழுத்தத்தில் கண்ணாடி வெடிக்கக்கூடும்.

கேள்வி: 20 லிட்டருக்கு எவ்வளவு சர்க்கரை சேர்க்க வேண்டும்?

பதில்: 20 டிகிரியில் நொதித்த பியரில் ஏற்கெனவே சுமார் 0.85 பங்கு வாயு கரைந்திருக்கும். பேல் ஏல் போன்ற பியர் வகைகளுக்கு 2.4 பங்கு போதும் என்பதால், 1.55 பங்குதான் குறைகிறது. ஒரு பங்கு என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் வாயு. ஒரு கிராம் வெள்ளைச் சர்க்கரை அரை கிராம் வாயுவைத் தரும். ஆகவே லிட்டருக்கு 6 கிராம், மொத்தம் 120 கிராம். அதைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, கிருமிநீக்கம் செய்த வேறொரு பாத்திரத்தின் அடியில் ஊற்றி, அதன்மேல் பியரைக் குழாய் வழியாகச் சலசலப்பின்றி இறக்குங்கள். பாட்டிலுக்கு ஒரு கரண்டி என்று போடுவோர் ஒன்றில் உப்பிப்போன பியரையும் மற்றொன்றில் சப்பென்ற பியரையும் குடிக்கிறார்கள்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) பயன்படுத்தினால்?

பதில்: கடையில் கிடைக்கும் தூளில் நீரும் சேர்ந்திருப்பதால் 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகப் போடுங்கள்.

கேள்வி: நொதித்தல் முடிந்தபின் பியரை 2 டிகிரியில் மூன்று நாட்கள் குளிரவைத்தேன். குளிர்ந்த திரவத்தில் வாயு அதிகம் கரையும் என்பதால் சர்க்கரைக் கணக்கில் 2 டிகிரி என்றுதானே இட வேண்டும்?

பதில்: கூடாது. குளிர்ந்த பியரால் அதிக வாயுவை ஏற்க முடியும் என்பது உண்மையே. ஆனால் நொதித்தல் முடிந்துவிட்டதால், ஏற்பதற்குப் புதிய வாயு அங்கே உண்டாவதில்லை. நொதித்தல் முடிந்த பிறகு பியர் எட்டிய உச்ச வெப்பநிலையையே இட வேண்டும். 2 டிகிரி என்று இட்டால், 1.6 பங்கு ஏற்கெனவே இருப்பதாகக் கொண்டு, தேவையான சர்க்கரையில் பாதியையே கணக்கு காட்டும்.

கேள்வி: பாத்திரத்தின் மேற்பகுதியில் நிறைந்திருக்கும் வாயு மீண்டும் கரையாதா? நீங்கள் அதை விட்டுவிட்டீர்கள்.

பதில்: நியாயமான மறுப்பு, அளவைப் பார்ப்போம். 20 லிட்டர் பியருக்கு மேலே 4 லிட்டர் வாயு இருந்து, அது முழுவதும் கரைந்தாலும் கூடுவது 0.2 பங்கு மட்டுமே. அதுவும் முழுவதும் கரையாது. உள்ளே வாயு குறையும்போது ஏர்லாக் வழியாக வெளிக்காற்று நுழைவதுதான் உண்மையான கவலை. அந்த ஆக்சிஜன் பியருக்கு ஈர அட்டையின் சுவையைக் கொடுத்துவிடும்.

கேள்வி: அப்படியானால் நடுவாக 10 டிகிரி என்று இடலாமே?

பதில்: இது பேரம் அல்ல. உங்கள் பியர் லேகராக 10 டிகிரியிலேயே நொதித்து, அதற்குமேல் சூடேறாமல் இருந்தால் 10 என்று இடுங்கள்; இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி: அடைத்து ஒரு வாரம் ஆகியும் நுரை இல்லை. ஏன்?

பதில்: 18 முதல் 22 டிகிரியில் குறைந்தது இரண்டு வாரங்கள் வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் ஈஸ்ட் அநேகமாக உறங்கிவிடும்.

கேள்வி: ஐந்து நாட்கள் ஆகின்றன, நுரை இல்லை.

பதில்: மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஒன்பது நாட்கள். மூடியைத் திறந்து இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடலாமா?

பதில்: போடாதீர்கள். குளிரால் தாமதமானது என்றால், அறை சூடேறியதும் பழைய சர்க்கரையும் புதியதும் சேர்ந்து நொதிக்கும். மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: இரண்டு வாரங்கள்.

கேள்வி: பச்சைப் பாட்டில்கள் நிறைய இருக்கின்றன. பயன்படுத்தலாமா?

பதில்: இருட்டில் வைப்பதானால் பயன்படுத்தலாம். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவின் கசப்புப் பொருள்கள் ஒளி பட்டதும் சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு சேர்மமாகி நாற்றமடிக்கும்; நேர் வெயிலில் அதற்குச் சில நிமிடங்களே போதும். நீல ஒளியையும் புற ஊதாவையும் பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது.

கேள்வி: சாதாரண ஒயின் பாட்டில்?

பதில்: கூடாது. அது அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

கேள்வி: படுக்கவைப்பதா, நிமிர்த்தி வைப்பதா? எவ்வளவு காலம் தாங்கும்?

பதில்: நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறுகும். ஹாப் மணம் மிகுந்தவற்றைக் குளிரில் வைத்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் குடித்துவிடுங்கள். வலுவான கருநிற பியர் வகைகள் ஓராண்டுக்குமேல் மெருகேறும்.

கேள்வி: இதையே காய்ச்சி வடித்தால்?

பதில்: அது என் துறையல்ல, உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பாருங்கள்.

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் அடைத்தவை முதலில் நன்றாக இருந்தன. இப்போது திறந்தால் பீறிட்டு அடிக்கின்றன.

பதில்: வாரந்தோறும் அழுத்தம் ஏறுகிறது என்றால், அந்நிய ஈஸ்டோ பாக்டீரியாவோ புகுந்திருக்கலாம், அல்லது மற்ற ஈஸ்டுகள் தொடாத டெக்ஸ்ட்ரின் என்ற சிக்கலான சர்க்கரையையும் உடைத்து உண்ணும் டயஸ்டாட்டிகஸ் என்ற ஈஸ்ட் வகை இருக்கலாம். எதுவாயினும், கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிந்து, பாட்டில்களை அட்டைப்பெட்டியோடு குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். ஒரு நாள் முழுவதும் குளிர்ந்த பிறகு, ஒவ்வொன்றின்மேலும் துணியைப் போர்த்தி மூடியை மெல்ல நெகிழ்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். அதுவரை யாரையும் அந்த அறைக்குள் விடாதீர்கள்.