உப்பைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்
கல்லீரல் காக்கும் மூலிகை ஆய்வு: வாசகர் கேள்வி – பதில்

வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையை 70% எத்தனாலில் ஊறவைத்துச் சாறெடுத்தேன். நூறு கிராம் பொடிக்கு 28 கிராம் கிடைத்தது. இவ்வளவு நிறைய வந்தும் டி.பி.பி.எச். சோதனையில் (ஊதாக் கரைசல் வெளிறுவதை வைத்து ஆக்சிஜனேற்றத் தடுப்பை அளப்பது) வீரியம் இல்லை. ஏன்?
– எம்.எஸ்ஸி. மாணவி, தேவிபட்டினம்

அந்த 28 கிராமில் எத்தனை கிராம் உப்பு என்று முதலில் பாருங்கள். கண்டல் இலையைக் காலை வெயிலில் திருப்பிப் பார்த்தால் உப்புப் பொடி மின்னுவது தெரியும். செடி தானே வெளியேற்றும் உப்பு அது. மேலே இருப்பதைக் கழுவிவிடலாம், இலைக்குள் இருப்பது கழுவினால் போகாது. 70% எத்தனாலில் மீதி 30% தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் உப்பைத் தாராளமாக இழுத்துக்கொண்டு வரும். வயல்வரப்புச் செடிக்கு எழுதிய செய்முறையை உமரி, வங்கராவசி, கண்டல் போன்ற உப்புநிலச் செடிகளுக்கு அப்படியே எடுத்தாள்பவர்கள் எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஒரு சிட்டிகை எக்ஸ்ட்ராக்டை (உலர்த்திய சாற்றை) தண்ணீரில் கரைத்து, நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடுங்கள். தயிர் போல வெள்ளையாகத் திரிந்தால் குளோரைடு ஏராளம். அளவு வேண்டுமென்றால் ஒரு கிராமை மஃபிள் ஃபர்னஸில் 550 டிகிரியில் சாம்பல் வெண்மையாகும்வரை எரித்து நிறுங்கள். மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக நின்றால், நீங்கள் 300 மைக்ரோகிராம் என்று எழுதியது உண்மையில் 200தான். எலிக்குக் கிலோவுக்கு 400 மி.கி. கொடுத்ததாக எழுதும் இடத்திலும் இதே பிழை வரும். கூடவே எலிக்கு உப்பையும் ஊட்டியிருப்பீர்கள்.

உப்பை நீக்க எளிய வழி: காய்ந்த எக்ஸ்ட்ராக்டைத் தண்ணீர் கலக்காத எத்தனாலில் கலக்கி, ஒரு மணி நேரம் குளிரில் வைத்து வடிகட்டுங்கள். சமையல் உப்பு அதில் லிட்டருக்கு ஒரு கிராம்கூடக் கரையாது, அடியில் தங்கிவிடும். ஆனால் சர்க்கரையும், சர்க்கரை ஒட்டிய சில பாலிஃபீனால்களும் அந்த வண்டலோடு தங்கக்கூடும். வண்டலைக் கொட்டிவிடாமல் அதையும் ஒருமுறை சோதியுங்கள். தண்ணீரில் கரைத்து எத்தில் அசிட்டேட்டாலும் பிறகு பியூட்டனாலாலும் பிரித்தெடுப்பது இன்னும் சுத்தமான வழி. நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் இலை காய்வதே இல்லை. மொட்டைமாடி வெயிலில் போடலாமா?
– ஆய்வு மாணவர், மண்டபம்

வெயில் வேண்டாம். 40 டிகிரியில் ட்ரே டிரையரில் வையுங்கள். இலையைப் பிடித்து நொறுக்கினால் சடசடவென்று உடைய வேண்டும். மழைக்காலத்தில் அறைக்குள் ஐந்தாறு நாள் பரப்பிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அஃப்ளடாக்ஸின் என்ற பூஞ்சண நஞ்சு கல்லீரலையே தாக்கும் நஞ்சு. கல்லீரலைக் காக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் அதுவே நுழைந்தால் முடிவு என்னவாகும் என்று யோசியுங்கள். சாம்பல் பூத்த இலை ஒன்று கண்டாலும் அந்தத் தட்டு முழுவதையும் தள்ளிவிடுங்கள்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் ஓரத்தில் சன்னலைத் திறந்துவைத்துக் காயப்போடுவதும் கூடாது. கடல் திவலை உலர்ந்து உப்பாகப் படியும். உப்புள்ள எக்ஸ்ட்ராக்ட் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பாகிவிடும் என்பதால், நிறுக்கும் நேரம் தவிர சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரைவிட்டு வெளியே எடுக்காதீர்கள்.

டி.பி.பி.எச். சோதனையில் 100 மைக்ரோகிராம்வரை தடுப்பு ஏறுகிறது, 500இல் இறங்குகிறது. செடி கூடினால் வீரியம் குறையுமா?
– கல்லூரி ஆசிரியர், ராமநாதபுரம்

வீரியம் குறையவில்லை, நிறம் ஏமாற்றுகிறது. 3.94 மி.கி. டி.பி.பி.எச்.சை 100 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார் கிடைக்கும். இதில் 3 மி.லி., சாம்பிள் 1 மி.லி. சேர்த்து 30 நிமிடம் இருட்டில் வைத்து 517 நானோமீட்டரில் பார்க்கிறோம். கரைசலின் ஊதா வெளிறினால் ஓ.டி. (ஒளியை உறிஞ்சும் அளவு) இறங்கும். பச்சை, பழுப்பு நிறச் சாறும் அதே இடத்தில் கொஞ்சம் ஒளியை உறிஞ்சி ஓ.டி.யை ஏற்றிவிடும்.

எண்ணில் சொன்னால்: கன்ட்ரோல் (சாறு சேர்க்காதது) 0.84, சாம்பிள் 0.42 என்றால் தடுப்பு 50%. அதே அளவு சாற்றை டி.பி.பி.எச். இல்லாமல் வெறும் மெத்தனாலில் கலந்து பார்த்தபோது 0.12 வருகிறது என்று வையுங்கள். 0.42இல் அதைக் கழித்தால் 0.30. தடுப்பு 64% ஆகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு செறிவுக்கும் தனித்தனி நிற பிளாங்க் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பிளாங்க் வைப்பது சோம்பேறித்தனம்.

அஸ்கார்பிக் அமிலம் ஓரிரு நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். செடியின் பாலிஃபீனால்கள் மெதுவானவை. ஐந்து நிமிடத்தில் படித்துவிட்டு வைட்டமின் சி-யோடு ஒப்பிட்டால் செடிக்கு அநியாயம். சாம்பிளைத் தண்ணீரில் கரைத்து அளவுக்கு மேல் சேர்த்தால் டி.பி.பி.எச். கலங்கி ஓ.டி. கன்னாபின்னாவென்று போகும். கியூவெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், கலங்கல் கண்ணுக்கே தெரியும்.

டி.பி.பி.எச்., ஃப்ராப் ஆகிய இரு ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனைகளிலும் நல்ல மதிப்பு. கல்லீரலைக் காக்கும் என்று எழுதிவிடலாமா?
– ஆய்வு மாணவி, தொண்டி

கூடாது. சோதனைக் குழாயில் ஊதா நிறத்தை வெளுக்க வைப்பதற்கும் கல்லீரல் செல் பிழைப்பதற்கும் நடுவே குடல், ரத்தம், கல்லீரலின் சொந்த நொதிகள் என்று ஒரு ஊரே இருக்கிறது. காப்பித்தூளும் இந்தச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கும்.

விலங்குச் சோதனையில் கல்லீரலைக் கெடுக்க வழக்கமாகத் தருவது கார்பன் டெட்ராகுளோரைடு. அது தானாகக் கெடுப்பதில்லை. கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் 2இ1 என்ற நொதி அதை உடைத்து ட்ரைகுளோரோமெத்தில் ராடிக்கலாக மாற்றுகிறது. அதுதான் செல் சவ்வின் கொழுப்பை அரிக்கிறது. இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. உங்கள் சாறு அந்த நொதியையே முடக்கினால் நஞ்சு உருவாகவே செய்யாது. கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி. நொதி அழகாகக் குறையும். செடி காத்தது என்று நீங்கள் எழுதுவீர்கள். நடந்தது தீயை அணைத்தது அல்ல, தீப்பெட்டியை ஒளித்துவைத்தது. பாராசிட்டமாலும் பெரும்பாலும் இதே நொதி வழியாகத்தான் நஞ்சாகிறது என்பதால் அதை இரண்டாவது சாட்சியாக நிறுத்த முடியாது. இந்த நொதி தேவைப்படாத கேலக்டோசமின் என்ற நஞ்சை வைத்தும் ஒருமுறை சோதியுங்கள், அல்லது நஞ்சு கொடுத்துச் சில மணி நேரம் கழித்துச் சாறு கொடுக்கும் ஒரு குழுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலும் குறைந்தால் பேச்சுக்கு இடமுண்டு.

எலிக் குழுக்களை எப்படிப் பிரிப்பது? டோஸ் கணக்கு குழப்புகிறது.
– பார்மசி மாணவர், பரமக்குடி

150 முதல் 200 கிராம் எடையுள்ள விஸ்டார் எலிகள், குழுவுக்கு ஆறு. சாதாரணக் குழு, நஞ்சு மட்டும், நஞ்சோடு ஒப்பீட்டு மருந்தான சிலிமரின் (கிலோவுக்கு 100 மி.கி.), நஞ்சோடு சாறு குறைந்த அளவு, நஞ்சோடு சாறு கூடிய அளவு. பலர் விட்டுவிடும் ஆறாவது குழு, நஞ்சே இல்லாமல் சாறு மட்டும். உங்கள் சாறே கல்லீரலைக் கெடுக்கிறதா என்பதை அதுதான் சொல்லும். டோஸை முடிவு செய்யும் முன் ஓ.இ.சி.டி. 423 என்ற சர்வதேச நச்சுச் சோதனை முறைப்படி, ஒரு படிக்கு மூன்று எலிகளாக, கிலோவுக்கு 2000 மி.கி.வரை கொடுத்து 14 நாள் பாருங்கள்.

180 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 200 மி.கி. என்றால் 36 மி.கி. மி.லி.க்கு 20 மி.கி. இருக்கும்படி சி.எம்.சி. என்ற கெட்டிப்படுத்தும் பொடியின் 0.5% கரைசலில் கலக்கினால் 1.8 மி.லி. புகட்ட வேண்டும். கலவை அடியில் படியும், ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு ஊசியில் எடுங்கள். குலுக்காவிட்டால் கடைசி எலிக்குக் கூடுதல் டோஸ் போகும்.

ஏழு நாள் சாறு. ஏழாம் நாள் சாறு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கார்பன் டெட்ராகுளோரைடு, ஆலிவ் எண்ணெயோடு சரிபாதி கலந்து வயிற்றறைக்குள். 24 மணி நேரத்தில் ரத்தம். ‘கிலோவுக்கு 1 மி.லி.’ என்று கட்டுரையில் இருந்தால் அது கலவையா, சுத்த நஞ்சா என்று தேடிப் படியுங்கள். இரண்டுக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம். எலிகள் இரவோடு இரவாகச் சாகும் ஆய்வகங்களில் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ரத்தம் உறைய அரை மணி நேரம் அசையாமல் வைத்து, 3000 சுற்றில் பத்து நிமிடம் சுழற்றுங்கள். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி. நொதி சிவப்பணுவுக்குள்ளும் இருப்பதால் அது துள்ளும். அந்த மாதிரியைக் குறித்துவையுங்கள், கண்டும் காணாமல் சேர்க்காதீர்கள். குளூட்டாதயோன் (செல்லின் சொந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பி) பார்க்க வேண்டிய கல்லீரல் துண்டை எடுத்தவுடன் உறையவையுங்கள், மேசையில் கிடந்தால் அது ஆக்சிஜனேற்றமாகிக் குறைந்துவிடும். மைக்ரோஸ்கோப்புக்குப் போகும் துண்டு 10% ஃபார்மலினில். ஸ்லைடைப் படிப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக்கூடாது.

விலங்கு வேண்டாம், ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்லில் எம்.டி.டி. (உயிருள்ள செல் ஊதாவாக்கும் சாயச் சோதனை) போதாதா?
– ஆய்வு மாணவி, ராமேஸ்வரம்

முதல் வடிகட்டலுக்கு நல்லது. ஆனால் அந்தச் செல்லில் மேலே சொன்ன சைட்டோகுரோம் நொதி மிகக் குறைவு, கார்பன் டெட்ராகுளோரைடோ தட்டிலிருந்து ஆவியாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வேறு நஞ்சு எடுங்கள். இன்னொன்று: பாலிஃபீனால் மிகுந்த சாறு, செல்லே இல்லாமல் எம்.டி.டி.யை நேரடியாக ஊதாவாக்கும். செத்த செல் உயிரோடு இருப்பதுபோல் தெரியும். சாறும் எம்.டி.டி.யும் மட்டும் போட்ட, செல் இல்லாத மூன்று குழிகள் தட்டில் கட்டாயம்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கிறோம். ஆய்வுகளும் நல்லது என்கின்றனவே, இதுவே போதுமா?
– இல்லத்தரசி, கீழக்கரை

1988இல் லான்செட் இதழில் வந்த சென்னை ஆய்வில், மஞ்சள் காமாலை பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. மருந்தில்லாத போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். பின்னர் வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. செடி வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம். கீழாநெல்லி என்று சந்தையில் கட்டி விற்பதில் இரண்டு மூன்று நெல்லி இனங்கள் கலந்திருக்கும்.

அளவையும் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 200 மி.கி. என்பதை மனிதருக்கு மாற்ற 6.2ஆல் வகுப்பார்கள். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.9 கிராம் எக்ஸ்ட்ராக்ட். பத்து சதவீதம் சாறு கிடைத்தால் 19 கிராம் காய்ந்த செடி, பச்சையாக ஏறத்தாழ நூறு கிராம். நீங்கள் மோரில் கலக்கும் நெல்லிக்காய் அளவு உருண்டை எங்கே, இது எங்கே!

தண்ணீர் வழி வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும், எதைக் கொடுத்தாலும் அதுதான் தீர்த்ததாகத் தோன்றும். மோரில் கொடுப்பதைப் பற்றிச் சண்டை போடவில்லை. ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பேச்சில் குழப்பம், பகலெல்லாம் தூக்கம், நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் அன்றே மருத்துவமனை. மலம் வெளுத்து உடம்பெல்லாம் அரித்தால் பித்தநாளத்தில் அடைப்பு இருக்கலாம், ஸ்கேன் வேண்டும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

கண்டல் இலை பறிக்கவும் எலி ஆய்வுக்கும் யாரிடம் அனுமதி?
– கல்லூரி மாணவர், சாயல்குடி

அலையாத்திக் காட்டில் பறிக்க வனத்துறையிடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே கால் வைக்கவே அனுமதி வேண்டும். எலிக்கு, பதிவு பெற்ற விலங்குக் கூடத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல், முதல் எலியைத் தொடுவதற்கு முன்பே. பூவோடு ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தில் பெயரை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மீந்த கார்பன் டெட்ராகுளோரைடைத் தொட்டியில் ஊற்றலாமா?
– ஆய்வக உதவியாளர், ராமநாதபுரம்

கூடாது. ‘ஹாலஜன் கழிவு’ என்று எழுதிய பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் தனியாகச் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். அசிட்டோன் கழிவோடு கலக்காதீர்கள். லேடெக்ஸ் கையுறையை அது ஊடுருவும். மேலே பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள், திறப்பதும் கலப்பதும் ஃப்யூம் ஹுட்டுக்குள் மட்டும்.