தீபாவளிக்கு அனுப்புற அலங்கார கவர் மழையில அழியாம இருக்க என்ன பண்ணலாம்?

கேள்வி: நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ், பொங்கல், சித்திரை, ஆடி, தீபாவளின்னு சீசனுக்கு ஒண்ணா கையால டிசைன் பண்ணி எழுதுன கவரை தபால்ல அனுப்பிக்கிறோம். தீபாவளி கவர் மட்டும் நனைஞ்சு இங்க் ஓடிடுது, ஒண்ணு அட்ரஸ் தெரியலன்னு திரும்பியே வந்துடுச்சு. ஃபவுண்டன் பேனாலதான் எழுதறேன். எதை மாத்தணும்?

பதில்: இங்க்கை மாத்துங்க, பேனாவையும்தான். ஃபவுண்டன் பேனா இங்க் பெரும்பாலும் தண்ணில கரையற சாயம், நம்ம ஊர்ல தீபாவளி வர்றதோ சரியா வடகிழக்குப் பருவமழை நேரத்துல, அப்புறம் ரெண்டு சொட்டு பட்டாலே போதும். பிக்மென்ட் (தண்ணில கரையாத நிறத்தூள்) இங்க் இருக்கற ஜெல் பேனா, இல்லன்னா அக்ரிலிக் இங்க், இந்தியன் இங்க் எடுங்க, காஞ்சதும் நனைஞ்சாலும் அசையாது. ஆனா கடைசி ரெண்டையும் ஃபவுண்டன் பேனால ஊத்திடாதீங்க, உள்ள காஞ்சு அடைச்சுக்கும், தொட்டு எழுதற நிப்புதான் சரி. கலருக்கு கோவாஷ் (தண்ணி கலந்து அடிக்கிற கெட்டி பெயின்ட்) அடிக்கிறவங்க நிறைய பேர், அது காஞ்ச பிறகும் தண்ணி பட்டா மறுபடி கரையும், மழைக்காலத்துக்கு வேண்டாம்.

அந்த நிப்புல தமிழ் எழுதறப்ப கொஞ்சம் கவனம். ண, ழ மாதிரி சுழி எழுத்துல கை மேல போறப்ப அமுத்துனீங்கன்னா நுனி பேப்பர்ல குத்தி இங்க் தெறிக்கும், அதனால மேல போறப்ப லேசா விட்டு, கீழ வர்றப்ப மட்டும் அமுத்துங்க. பட்டை நிப்னா எழுத்தைப் பெருசா போடுங்க, இல்லன்னா சுழிக்குள்ள இங்க் ரொம்பிடும். பிரவுன் கவர்ல இங்க் பரவும், கெட்டியான வழவழ வெள்ளைப் பேப்பர் வாங்கி நீங்களே மடிச்சுக்கறது பெஸ்ட்.

கலையெல்லாம் பேர்ல காட்டுங்க. பின்கோடு மட்டும் சாதா எண்ணா, கறுப்புல இருக்கட்டும். முதல் மூணு எண்ணை வச்சுத்தான் எந்த ஏரியான்னு பிரிக்கிறாங்க, 625001 மதுரை, 626001 விருதுநகர், உங்க அழகான 5-க்கு வால் சுழிஞ்சு 6 மாதிரி தெரிஞ்சா லெட்டர் ஊரைத் தாண்டிடும். (கறுப்பு கவர்ல தங்க கலர் அட்ரஸ்? போட்டோவுக்கு சூப்பர், சாயங்கால வெளிச்சத்துல படிக்கிற போஸ்ட்மேன் பாவம்.)

அட்ரஸ் நல்லா காஞ்சதும் வெள்ளை மெழுகுவத்தியை மேல லேசா தேச்சு விடலாம், பழைய டெக்னிக்தான், கொஞ்சம் தண்ணியைத் தாங்கும். ஸ்டாம்ப் ஒட்டற மூலையில மட்டும் தேய்க்காதீங்க, ஸ்டாம்பும் ஒட்டாது, முத்திரையும் பிடிக்காது.

அரக்கு சீல் வைக்கிறதா இருந்தா கவரை இன்னொரு கவருக்குள்ள போடுங்க, வெளிய இருந்தா உடையும். எடையும் ஏறும், சாதா லெட்டருக்கு 5 ரூபா 20 கிராம் வரைக்கும்தான், குறைச்சு ஒட்டுனா குறையறதுல ரெண்டு மடங்கை வாங்குறவங்ககிட்ட கேப்பாங்க. கவுன்டர்ல எடை போட்டுட்டே ஒட்டுங்க. சீசனுக்கு ஏத்த ஸ்டாம்ப் வேணும்னா சென்னையில அண்ணா சாலை தலைமை தபால் நிலையத்துல இருக்கற ஃபிலாட்டலி பீரோவுல (ஸ்டாம்ப் சேகரிக்கிறவங்களுக்கான கவுன்டர்) பாருங்க.

அப்புறம் கவரை முன்னாடியே செஞ்சு அடுக்கி வைக்கிறீங்கன்னா ஒவ்வொரு மூடிக்கும் நடுவுல பட்டர் பேப்பர் வைங்க, நவம்பர் ஈரத்துல கோந்து தானா ஒட்டிக்கும்.