9,500 ரூபாய்ப் பேணியில் எவ்வளவு பருப்பு?

கேள்வி: எனது மகனுக்கு 16 வயது, நிறை 48 கிலோ. பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியில் விளையாடுகிறான். வீட்டுக்கு வந்த முகவர் ஒருவர், சோறும் பருப்பும் அரைப் புரதம்தான், அமினோ அமில மா கரைத்துக் குடித்தால்தான் உடம்பு தேறும் என்று சொல்லி, 9,500 ரூபாய்ப் பேணி ஒன்றைத் தவணைக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகும் கணவரும் அதைக் குடிக்கலாமாம். வாங்கலாமா? (விசுவமடுவிலிருந்து ஒரு தாய்)

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் பேணியின் பின்பக்க அட்டவணை தெளிவாகத் தெரிகிறது: 100 கிராம் மாவில் புரதம் 15 கிராம், மாச்சத்து 78 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பேணி முழுவதிலும் இருப்பது 150 கிராம் புரதம். மைசூர்ப் பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. ஆகவே நீங்கள் 9,500 ரூபாய்க்கு வாங்கவிருப்பது 625 கிராம் பருப்பின் புரதத்தை. மீதியில் பெரும்பகுதி மோல்டோடெக்ஸ்ரின் எனப்படும் மலிவான மாச்சத்து. அது உங்கள் சோற்றுப் பானையிலேயே தாராளமாக இருக்கிறது. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘50 கிராம் புரதம்’ என்று போட்டிருப்பதும் பொய்யல்ல, ஏனென்றால் அவர்கள் ஒரு வேளைக்கு என்று குறிப்பிடும் அளவு 330 கிராம் மா. அந்தக் கணக்கில் குடித்தால் பேணி மூன்றே வேளையில் காலியாகிவிடும். முகவர்கள் வீட்டுக்கு வந்தால் பேணியின் முன்பக்கத்தை மட்டும் காட்டுவதன் காரணம் இதுதான்.

‘அரைப் புரதம்’ என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை; அவற்றில் ஒன்பதை நமது உடலால் ஆக்க முடியாது, உணவிலிருந்துதான் பெற வேண்டும். வயல் வரம்பு ஓரிடத்தில் தாழ்ந்திருந்தால் மற்ற இடமெல்லாம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தின் மட்டத்துக்குத்தானே நிற்கும்? அரிசியின் வரம்பில் தாழ்ந்த இடம் லைசின் என்ற அமினோ அமிலம். பருப்பு, பயறு, கௌபி, உழுந்து ஆகியவற்றில் லைசின் நிறைய உண்டு, மெதியோனின் குறைவு. அந்த மெதியோனினை அரிசி ஈடுசெய்கிறது. ஆகவே சோறும் பருப்பும் தனித்தனியே அரைப் புரதமாக இருக்கலாம், ஒரே நாளில் இரண்டையும் உண்பவருக்கு அவை முழுப் புரதம்.

மகனின் வயதில் உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதம் போதும். விளையாட்டையும் தாவர உணவின் சமிபாட்டுக் குறைவையும் கருதி 60 கிராம் என்று வைப்போம். மூன்று வேளைக்குமாக 350 கிராம் அரிசியில் 24, 60 கிராம் பருப்பில் 14, கையளவு மீன் துண்டில் 15, ஒரு முட்டையில் 6 என்று கூட்டினால் கணக்கு ஏறத்தாழச் சரியாகிறது. மரக்கறி நாளில் மீனுக்கும் முட்டைக்கும் பதிலாக அவித்த கௌபியும் ஒரு பிடி கச்சானும் ஒரு கோப்பைத் தயிரும் கொடுங்கள். ஆனால் பருப்பு கறியாக இருக்க வேண்டும். ஒரு சுண்டுப் பருப்பை ஏழு பேருக்குத் தண்ணீராகக் கரைத்தால் என் கணக்கும் கரைந்துவிடும். பயிற்சிக்கு வெறும் தேநீருடன் போகும் பிள்ளையின் உடல், உண்ட புரதத்தையும் விறகாக எரித்துவிடும் என்பதால், காலையில் ஒரு நீத்துப்பெட்டிப் புட்டும் பயறும் சாப்பிட்டுவிட்டுப் போவது எந்தப் பேணியையும்விடப் பெறுமதியானது.

அட்டவணையையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். ஆய்வுகூடங்கள் வழக்கமாக அளப்பது புரதத்தை அல்ல, நைதரசனை, அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தாலும் அந்த எண் ஏறும். 2008 இல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற, நைதரசன் நிறைந்த தொழிற்சாலை இரசாயனத்தைக் கலந்தவர்கள் நுழைந்ததும் இதே ஓட்டையால்தான், குழந்தைகள் உயிரிழந்தார்கள். இங்கே ஐந்து வயதுக்குட்பட்ட நிறை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் திரிபோஷா என்ற சத்துமா வழங்கும் ஓர் ஏற்பாடாவது இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கோ பத்தாம் தரத்தில் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் நிறை பார்த்ததோடு எல்லாம் முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்க யாரும் இல்லை. அந்த வெற்றிடத்துக்குள்தான் முகவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். இதைப் பற்றிக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது.

மேலே சொன்ன கணக்கு உங்கள் கணவருக்குப் பொருந்தாது. இதை இருமுறை வாசியுங்கள். உடல் பயன்படுத்தாத அமினோ அமிலத்தின் நைதரசனை ஈரல் யூரியாவாக மாற்றுகிறது. வயலுக்கு எறிகிறோமே, அதே யூரியாதான். அதை வெளியேற்றுவது சிறுநீரகம். வவுனியாப் பக்கம் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் விவசாயிகளைப் பிடித்திருப்பதை நாம் அறிவோம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மேலதிகப் புரதம் மேலதிகச் சுமை. அதற்காகப் பருப்பையும் மீனையும் நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது, தசை கரைந்து அவர் மெலிந்துபோவார். இரத்தச் சுத்திகரிப்பு (டயலிசிஸ்) செய்பவர்களுக்கோ கணக்குத் தலைகீழ், அவர்களுக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும். ஆகவே அளவைச் சொல்ல வேண்டியவர் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் அவருடைய கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்கும் வைத்தியர் மட்டுமே. அடுத்த கிளினிக் நாளில் கிளினிக் புத்தகத்துடன் பேணியின் பின்பக்கப் படத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பேணியின் முத்திரையை உடைக்க வேண்டாம். முகவர் வரும்போது அயலவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். தவணைத் தாளில் ஒப்பமிட்டிருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிட்டு, பிரதியொன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு அந்த வாசலைத் தாண்டுவதில்லை.