கோச் பதில்கள்: இந்த வாரம் முழுக்கக் கூடைப்பந்து

கேள்வி: அமெரிக்காவில் சில மாநிலங்களில் கல்லூரி பாஸ்கெட்பால் கோச் வாங்கும் சம்பளம் கவர்னர் சம்பளத்தைவிட அதிகமாமே, நிஜமா?

நிஜம்தான். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலை எடுத்தால் முதலிடத்தில் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சோ பாஸ்கெட்பால் கோச்சோதான் இருப்பார், கவர்னர் வெகு கீழே. டிவி ஒப்பந்தம், டிக்கெட், பழைய மாணவர்களின் நன்கொடை என்று பணம் பல வழியில் வருகிறது. ஆனால் எல்லோருக்கும் இந்த யோகம் கிடையாது. பேட் சம்மிட் 1974-ல் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு கோச்சாகச் சேர்ந்தபோது வயது 22, சம்பளம் மாதம் 250 டாலர். பயிற்சி கொடுப்பதோடு பிள்ளைகளின் சீருடையைத் துவைப்பதும் அவர்தான், வெளியூர் ஆட்டத்துக்கு வேன் ஓட்டுவதும் அவர்தான். 38 சீசன் அங்கேயே இருந்து, 1,098 வெற்றிகளும் 8 சாம்பியன் பட்டங்களும் சேர்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகன் கோச் ஆகப் போகிறேன் என்கிறான். பெரிய ஆட்டக்காரன் இல்லை. தேறுவானா?

பெரிய ஆட்டக்காரனாக இருந்தால் முதல் கதவு கொஞ்சம் சுலபமாகத் திறக்கும், அவ்வளவுதான். மற்றவர்கள் அடிமட்டத்திலிருந்து ஏற வேண்டும். படிக்கும்போதே அணிக்கு மாணவ மேனேஜர், பட்ட மேற்படிப்போடு உதவியாளர், பிறகு எதிரணியின் வீடியோக்களை ராத்திரி முழுக்கப் பார்த்து வெட்டி ஒட்டும் வேலை, அதற்கப்புறம் உதவிப் பயிற்சியாளர். அந்தக் கட்டத்தில் உங்கள் பையனை எடைபோடுவது அவன் வரையும் ஆட்டத் திட்டங்களை வைத்து அல்ல, பள்ளிகளில் ஆடும் நல்ல பையன்களை அவர்கள் வீட்டுக்கே போய் அம்மா அப்பாவிடம் பேசி அழைத்து வரத் தெரிகிறதா என்பதை வைத்துத்தான். அது தெரியாதவர்கள் நல்ல உதவியாளராகவே காலத்தை ஓட்டிவிடுவார்கள்.

பிராட் ஸ்டீவன்ஸ் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். எலை லில்லி மருந்து கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, 2000-ல் பட்லர் என்ற சின்னப் பல்கலைக்கழக அணியில் ஒட்டிக்கொண்டார். 2007-ல் தலைமைப் பயிற்சியாளர். 2010, 2011 இரண்டு வருஷமும் தேசிய இறுதி ஆட்டம்வரை அணியைக் கொண்டுபோனார், இரண்டிலும் தோல்வி. ஆனாலும் 2013-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை (என்பிஏ) அணி கூப்பிட்டுக்கொண்டது. அக்காவிடமும் ஒன்று சொல்லிவையுங்கள், இது நூற்றில் ஒருவருக்கு நடக்கிற விஷயம்.

கேள்வி: கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரே தோற்ற கோச்சாமே?

ஆமாம். ஜேம்ஸ் நைஸ்மித் 1891-ல் ஆட்டத்தை உருவாக்கினார், பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்து 55 ஆட்டம் ஜெயித்து 60 தோற்றார். அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருக்கும் ஒரே கோச் அவர்தான். கண்டுபிடித்தவர் ஆயிற்றே என்று எதிரணி கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா?

கேள்வி: தொடர்ந்து தோற்றால் எத்தனை வருஷம் விட்டு வைப்பார்கள்?

இன்றைக்கா, அன்றைக்கா? ஏனென்றால் இன்று நாம் மகான்களாகக் கொண்டாடும் கோச்சுகள் பலர் இன்றைய பொறுமைக்கு மாட்டியிருந்தால் முளையிலேயே கிள்ளப்பட்டிருப்பார்கள். ஜான் வுடன் என்றால் யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), 12 வருஷத்தில் 10 தேசிய சாம்பியன் பட்டம், அதில் ஏழு தொடர்ச்சியாக. சரி, அவர் அங்கே சேர்ந்தது 1948. முதல் பட்டம் 1964. நடுவில் பதினைந்து சீசன் பட்டமே இல்லாமல் ஓடியிருக்கிறது. வட கரோலினாவின் டீன் ஸ்மித்துக்கு 1965-ல் ஒரு தோல்விக்குப் பிறகு மாணவர்களே கொடும்பாவி கட்டித் தொங்கவிட்டார்கள். அதே ஆள்தான் அப்புறம் மைக்கேல் ஜோர்டானை வைத்து 1982-ல் பட்டம் வாங்கி, 879 வெற்றிகளோடு 1997-ல் ஓய்வு பெற்றார்.

எனக்குப் பிடித்தது டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷஷெவ்ஸ்கி கதை. (பெயர் நாக்கைச் சுளுக்கும் என்பதால் ஊரே 'கோச் கே' என்கிறது, நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.) முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி. மூன்றாவது சீசனின் கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியாவிடம் 109-66 என்று உதை. ஆளை மாற்று என்று நன்கொடையாளர்கள் நெருக்கினார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் என்ன செய்தார் தெரியுமா, 1984-ல் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையில் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஐந்து பட்டம், பயிற்சி வாழ்க்கை முழுக்கச் சேர்த்தால் 1,202 வெற்றி, 2022 வரை அதே இருக்கை. பட்டர்ஸுக்கும் ஒரு கோப்பை கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

இப்போது? மூன்றாவது வருஷம் இப்படி முடிந்தால் நான்காவது வருஷம் வேறு ஆள்தான், பெரிய கல்லூரிகளில்.

கேள்வி: பெண்கள் அணிக்கு ஆண் கோச் இருக்கிறார்கள். ஆண்கள் அணிக்குப் பெண் கோச்?

உதவியாளர்களாக உண்டு. 1990-ல் கென்டக்கி பல்கலைக்கழக ஆண்கள் அணியின் கோச் ரிக் பிட்டினோ, பெர்னடெட் மேட்டக்ஸை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். கல்லூரி விளையாட்டின் உச்சமான முதல் பிரிவில் தலைமைப் பொறுப்பு மட்டும் இன்னும் வரவில்லை. கல்லூரிக் கூடைப்பந்தில் அதிக வெற்றி பெற்ற கோச் என்ற சாதனை 2024 நவம்பரில் ஜெனோ ஆரியம்மா கைக்குப் போனது, அவர் பயிற்சி கொடுப்பது கனெக்டிகட் பெண்கள் அணிக்கு. அந்தப் பக்கக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது, இந்தப் பக்கம்தான் சாவியைக் காணோம்.

கேள்வி: நன்றாக ஜெயித்துக்கொண்டிருக்கும் கோச்சுகளே திடீரென்று விலகுகிறார்களே, என்ன பிரச்சினை?

வேலையே மாறிவிட்டது. முன்பு கல்லூரி மாறும் வீரர் பொதுவாக ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும், அதனால் யோசிப்பார். 2018-ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியல்) வந்தது, 2021-ல் அந்தத் தடையும் தளர்ந்தது. அதே வருஷம் ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025-ல் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டின்படி கல்லூரியே வருமானத்தில் பங்கு தரலாம். ஆக, நான்கு வருஷம் ஒரு பையனை உருட்டித் திரட்டி ஆளாக்குவது என்ற பழைய கணக்கு போய், ஒவ்வொரு வசந்த காலத்திலும் பாதி அணியைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது, அதுவும் பேரம் பேசி. வர்ஜீனியாவின் டோனி பென்னட், 2019-ல் பட்டம் வாங்கியவர், 2024 அக்டோபரில் சீசன் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது போதும் என்று எழுந்துவிட்டார். இந்தச் சூழலுக்கு நான் சரியான ஆள் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். வீரர்களுக்குப் பணம் போவது நியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் வியர்வையில் கோச்சுகள் மட்டும் பல காலம் கோடிகளில் வாங்கினார்களே.

கேள்வி: ஓரத்தில் நின்று கோச் கத்துவது வீரர் காதில் விழுமா?

அரங்கம் நிறைந்திருந்தால் பெரும்பாலும் விழாது. அதனால்தான் கை ஜாடை எல்லாம். வுடன் ஒரு தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சொல்ல வேண்டியதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லி முடித்திருப்பார். இந்தியானாவின் பாப் நைட் வேறு ரகம், 1985-ல் பர்டியூவுக்கு எதிரான ஆட்டத்தில் நடுவர் மேல் கோபம் வந்து நாற்காலியையே ஆடுகளத்துக்குள் வீசினார். வீரர்களுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். அன்றைக்கு இந்தியானா தோற்றது.