ஒரு கடிதத்தில் இரண்டு கேமரா

அன்புள்ள ஐயா,

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். வருகிற மே மாதத்தோடு ஓய்வு. கைக்கு வரும் பணத்தில் எனக்கென்று ஒரே ஒரு பொருள் வாங்கிக்கொள்ள வீட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது. கேமரா என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவைச் சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறேன். அப்பா காலத்தில் மூன்று இரவு நடக்குமாம். இப்போது ஒன்றரை இரவாகச் சுருங்கிவிட்டது. சாமி கதையைப் பாடி ஆடுகிற கணியான் கூத்துக் குழுவில் மகுடம் என்கிற பறையை அடிக்கிற பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருக்குப் பிறகு அவர் வீட்டில் மகுடத்தைத் தொட ஆளில்லை. நள்ளிரவுச் சாமக்கொடையின்போது பந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதை யாராவது எடுத்துவைக்க வேண்டுமே என்று தோன்றும். இதுவரை யாரும் எடுக்கவில்லை. வில்லுப்பாட்டு, சாமியாடிகள், விடியற்காலையில் பொங்கல் வைக்கிற பெண்கள் என்று எடுக்க நிறைய இருக்கிறது. கூந்தன்குளம் போய்ப் பறவைகளை எடுக்கவும் ஆசை.

மருமகன், “அட்வான்ஸ்டு டிஎஸ்எல்ஆர் வாங்குங்க மாமா, ரெண்டு லென்ஸோட வரும், அதுதான் கேமரா” என்கிறார். கழுத்தில் மாட்டுகிற, லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமராவாம். கூட வேலை பார்க்கும் நண்பர், சட்டைப்பையில் போடுகிற காம்பாக்ட் போதும் என்கிறார். மனைவி, “கையில இருக்கற போன்ல எடுத்தா ஆகாதா?” என்கிறாள். எனக்குத் தோள்பட்டை வலி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதை வாங்கட்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம்)
தென்காசி

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மனைவிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான். பகல் வெளிச்சத்துக்கு, பொங்கல் பானைக்கு, பேரப்பிள்ளைகளுக்கு போன் தாராளமாகப் போதும். இன்றைய போன் ஒரு தடவை தொட்டால் ஒரு படம் எடுப்பதோடு நிற்பதில்லை. சட்டென்று பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேர்த்து ஒன்றாக்கித் தருகிறது. அசையாமல் நிற்கிற கோபுரத்தை இரவில் எடுத்துப் பாருங்கள், பிரமாதமாக வரும். ஆனால் பந்த வெளிச்சத்தில் சுழன்று ஆடுகிறவரை எடுத்தால் அந்த அடுக்கு ஒன்றோடொன்று பொருந்தாது. கை கரைந்திருக்கும், முகம் மெழுகு பூசியதுபோல இருக்கும். சாமக்கொடைக்கும் குளத்து நடுவே மிதக்கிற வாத்துக்கும் போன் ஆகாது. மற்ற எல்லாவற்றுக்கும் அவர் சொல்வதே சரி.

இனி மருமகனும் நண்பரும். இருவரும் கேமராவின் உருவத்தை வைத்துப் பேசுகிறார்கள். உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற சென்சாரை முதலில் பார்க்க வேண்டும். சாதாரண காம்பாக்ட் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏறக்குறைய 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர். ஒரு கடலைப்பருப்பு அளவு. 2012-இல் சோனி ஆர்எக்ஸ்100 வந்தபோது பாக்கெட் கேமராவுக்குள் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர் சென்சாரை வைத்தார்கள். இது புளியங்கொட்டை அளவு. (இதற்கு ‘ஒரு இன்ச் சென்சார்’ என்று பெயர். எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு அங்குலம் வராது. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் அளவுக் கணக்கை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.) மருமகன் சொல்கிற டிஎஸ்எல்ஆர்களில் அநேகமாக இருப்பது 23.5க்கு 15.6 அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவு. சின்னத் தபால்தலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் கடலைப்பருப்பைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு. இரவில் இந்த வித்தியாசம் படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும்.

அப்படியானால் மருமகன் சொல்வதுதானே சரி என்பீர்கள். ஆனால் தபால்தலை சென்சாரையே சட்டைப்பைக்குள் வைத்தும் விற்கிறார்கள். ரிக்கோ நிறுவனத்தின் ஜிஆர் வரிசை 2013-இலிருந்து அந்த சென்சாரோடு வருகிறது. 2019-இல் வந்த ஜிஆர் 3, பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம். அதாவது கால் கிலோ. ஜப்பானியப் புகைப்படக்காரர் டைடோ மோரியாமா டோக்கியோவின் இரவுத் தெருக்களில் இந்த வரிசைக் கேமராவை ஒரு கையில் வைத்துக்கொண்டுதான் சுற்றினார். குறைகளையும் சொல்லவேண்டும். ஜூம் கிடையாது. கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டர் கிடையாது. ஃபிளாஷும் இல்லை. கடைசியாகச் சொன்னதைக் குறை என்று நான் எண்ணவில்லை. ஏன் என்று ஒரு கதை சொல்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன் நாங்குநேரிப் பக்கம் ஒரு கொடைக்குப் போயிருந்தேன். கழுத்தில் டிஎஸ்எல்ஆர். அப்போதுதான் வாங்கியது, பெருமை வேறு. கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவி பாட்டை நிறுத்திவிட்டார், மகுடம் மட்டும் மெதுவாக ஒலித்துக்கொண்டிருக்கிறது, கையைக் கீறிச் சாமிக்கு ரத்தம் கொடுக்கிற கைவெட்டுக்கான நேரம். ஊரே மூச்சடக்கி நிற்கிறது. நான் கேமராவை உயர்த்திப் பொத்தானை அமுக்கினேன். ஆட்டோ மோடில் கிடந்ததை மறந்துபோனேன். இருட்டைக் கண்டதும் தலைமேல் இருக்கிற ஃபிளாஷ் டக்கென்று தானாக எழுந்து நின்று மின்னல்போல வெட்டியது. கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. பக்கத்தில் நின்ற பெரியவர் கோபப்படக்கூட இல்லை. “எய்யா, அத அமத்திப் போடும். சாமி வாற நேரம்” என்றார். நான் அணைத்தேன். ஆனால் அதற்குப்பின் அந்த இரவில் நான் வேடிக்கை பார்க்க வந்த ஆள் இல்லை, வேடிக்கைப் பொருள். எங்கே போய் நின்றாலும் மூன்று பேர் விலகி இடம் கொடுத்தார்கள், நான்கு பேர் முடியைச் சரிசெய்துகொண்டார்கள். ஆடுகிறவர்கள் என் முன்னால் வந்து ஒரு கணம் நின்று போஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் வந்து பார்த்தால் முந்நூறு படத்திலும் என்னைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய கேமராவுக்கு இந்தக் குணம் உண்டு. நம் ஊரில் அது கல்யாணக் கேமராவின் உருவத்தில் இருப்பதால் இன்னும் கூடுதல். அதைக் கண்டதும் முதுகு நிமிர்ந்துவிடும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் தன் சிறிய லைக்கா கேமராவிலும்கூடப் பளபளக்கிற உலோகப் பாகங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவைத்தார் என்பதை அந்த இரவுக்குப் பிறகுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

சத்தமும் இருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சம் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, பட்டகத்தின் வழியாக உங்கள் கண்ணுக்கு வருகிறது. படமெடுக்கும் நொடியில் அந்தக் கண்ணாடி மேலே துள்ளி வழிவிட்டு மறுபடி கீழே இறங்கும். அந்த ‘டபக்’ மகுடச் சத்தத்தில் கேட்காது. ஆனால் நாளைக்கு நீங்கள் அந்த மகுடக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரைப் பேசவைக்கப் போகிறீர்கள் இல்லையா, அங்கே கேட்கும்.

இன்னொரு விஷயம், ‘ரெண்டு லென்ஸோட வரும்’ என்பது. அந்தப் பெட்டியில் வருவது பெரும்பாலும் 18-55 மில்லிமீட்டர் ஒன்று, 55-250 அல்லது 70-300 ஒன்று. (இந்த எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்.) முதல் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் வெளிச்சம் நுழைகிற திறப்பு எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். (எஃப் எண் கூடினால் திறப்பு சின்னது.) ஜிஆரின் லென்ஸ் எஃப் 2.8. அதில் போகிற வெளிச்சத்தில் கால்வாசிதான் பெட்டி லென்ஸில் உள்ளே போகும். சென்சார் இரண்டிலும் ஒன்றே. ஆக, எடை நான்கு மடங்கு தூக்கி, வெளிச்சம் கால் மடங்கு வாங்குவீர்கள். மருமகன் விவரமானவர் என்றால் உடனே “50 எம்எம் எஃப் 1.8 தனியா வாங்கிக்கலாம்” என்பார். உண்மைதான். விலை குறைந்த, அருமையான லென்ஸ் அது. அதைப் போட்டால் டிஎஸ்எல்ஆர் இருட்டில் ஜிஆரை முந்திவிடும். அந்த வாதத்தில் அவரை என்னால் வெல்ல முடியாது. தோள்பட்டையையும் கூட்டத்தின் கண்களையும் வைத்துத்தான் பேச முடியும்.

பறவைக்கு வருகிறேன். இங்கே மருமகன் பக்கம் சாய்கிறேன். குளத்து நடுவே வரித்தலை வாத்து மிதக்கிறது என்றால் 400 மில்லிமீட்டருக்குக் குறைந்த லென்ஸெல்லாம் வெறும் புள்ளியைத்தான் தரும். நிக்கானின் 200-500 லென்ஸ் மட்டுமே 2.3 கிலோ. தோள்பட்டை வலிக்காரர் அதை வரப்பில் தூக்கிக்கொண்டு நடப்பதை நினைத்துப் பார்க்கிறேன். இதற்கு மாற்றாகப் பறவை பார்க்கிறவர்கள் பலர் வைத்திருப்பது நிக்கான் பி900. 2015-இல் வந்தது, 83 மடங்கு ஜூம், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. உள்ளே அதே கடலைப்பருப்பு சென்சார்தான். காலை ஒன்பது மணி வெயிலில், உட்கார்ந்திருக்கிற பறவைக்கு நன்றாக வேலை செய்யும். மாலை மங்கினாலோ பறவை பறந்தாலோ கைவிட்டுவிடும். பறக்கிற பறவையைத் தொடர்ந்து குவியப்படுத்துவதில் டிஎஸ்எல்ஆர் வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

நம் மண்ணில் காட்டுயிர்ப் படமெடுத்த முன்னோடி மா. கிருஷ்ணன். நெல்லைச் சீமையிலிருந்து வந்த எழுத்தாளர் மாதவையாவின் மகன். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே பொருத்திய ஒரு பூதத்தைத்தான் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார். அதன் பாரத்தைக் கிண்டல்செய்து ‘சூப்பர் பாண்டெரோஸா’ என்று பெயரும் வைத்திருந்தார். அவருடைய யானைகளைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தவர்கள் அந்தச் சுமையைப் பற்றிக் குறை சொல்லமாட்டார்கள். அவர் வாழ்நாள் முழுக்கக் காட்டுக்குப் போனவர். நீங்கள் கூந்தன்குளத்துக்கு வருடத்தில் எத்தனை தடவை போவீர்கள்?

கூந்தன்குளத்திலும் ஒரு சலுகை இருக்கிறது. அங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டோரத்து மரங்களில் கூடு கட்டுகின்றன. பறவை மிரளும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தெருவில் நின்று தலையைத் தூக்கினால் குஞ்சுக்கு இரை ஊட்டுவது தெரியும். அதற்கு ராட்சச லென்ஸ் வேண்டாம், 250 எம்எம்மே போதும். குளத்து நடுவே இருக்கிற வாத்தை ஒரு நல்ல பைனாகுலரில் கண் நிறையப் பார்த்துவிட்டு வரலாமே. எல்லாவற்றையும் எடுத்துத்தான் தீரவேண்டுமா என்ன.

உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். பறவைக்கு ஒரே ஒரு வரி. கொடைக்கு ஒரு பத்தி முழுக்க. மகுடக்காரரின் வயது சொல்கிறீர்கள், அவர் வீட்டு நிலவரம் சொல்கிறீர்கள், எந்த வெளிச்சத்தில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று சொல்கிறீர்கள். எந்தப் பறவையின் பெயரையும் சொல்லவில்லை. இரண்டு கேமராவுக்கான ஆசையை ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எது முதலில் என்று கடிதமே சொல்லிவிட்டது. பெரிய சென்சார் உள்ள பாக்கெட் கேமராவை வாங்குங்கள். ஜிஆர் கிடைத்தால் அது. ஜூம் இல்லாமல் முடியாது என்றால் ஆர்எக்ஸ்100 வரிசையில் ஒன்று. நண்பர் சொன்னாரே என்று கடலைப்பருப்பு சென்சார் காம்பாக்ட் மட்டும் வாங்கிவிடாதீர்கள், உங்கள் போனே அதைவிட மேல்.

ஜூம் இல்லாததைப் பற்றிப் பயப்படவேண்டாம். கணியான் கூத்தில் மேடை ஏது? நீங்கள் உள்ளூர்க்காரர், மகுடக்காரருக்கு இரண்டு அடி தள்ளி உட்காரும் உரிமை உங்களுக்கு உண்டு. என்னைப் போன்ற அசலூர்க்காரனுக்குத்தான் ஜூம் தேவைப்படுகிறது.

பறவை ஆசை நிஜமாகவே வளர்ந்தால் அப்போது டிஎஸ்எல்ஆர் வாங்கலாம், ஆனால் புதிதாக வேண்டாம். நிக்கானும் கேனனும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் கொண்டுவரவில்லை. இரண்டு பேரும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். கல்யாண ஸ்டூடியோக்காரர்களும் ஒவ்வொருவராக மாறுவதால் பழைய டிஎஸ்எல்ஆர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. லென்ஸ் மாட்டுகிற வாய்க்கு மவுண்ட் என்று பெயர். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இலிருந்தும் கேனனின் இஎஃப் மவுண்ட் 1987-இலிருந்தும் இருக்கின்றன, லென்ஸுக்குப் பஞ்சமே வராது. வாங்கும்போது ஷட்டர் கவுன்ட், அதாவது அதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது, எவ்வளவு என்று கேளுங்கள். லென்ஸை டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே சிலந்தி நூல்போல ஏதாவது தெரிந்தால் பூஞ்சை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னுடைய அந்தப் பெருமைமிகு டிஎஸ்எல்ஆரின் லென்ஸ் அப்படித்தான் போனது. கொடையில் பட்ட அவமானத்துக்குப்பின் இரண்டு வருடம் பீரோவில் துணிகளுக்கு நடுவே கிடந்தது. உங்கள் ஊர்ச் சாரல் காலத்துக்கு எந்தக் கேமராவானாலும் மூடி இறுகிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

எதற்கும் பணம் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யலாம். தென்காசியிலோ நெல்லையிலோ ஏதாவது ஸ்டூடியோவில் ஒரு டிஎஸ்எல்ஆரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்வாருங்கள். தோள்பட்டை சொல்வதையும் எதிரே வருகிறவர்களின் முகம் சொல்வதையும் கேட்டுவிட்டு மருமகனிடம் பேசுங்கள்.

பேட்டரி கூடுதலாக இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிஎஸ்எல்ஆர் ஒரு சார்ஜில் ஆயிரம் படத்தைத் தொடும். ஜிஆர் 3 இருநூறில் படுத்துவிடும். சாமக்கொடைக்கு ஒன்று, விடியற்காலைப் பொங்கலுக்கு ஒன்று, மறுநாள் திண்ணைப் பேச்சுக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

அன்புடன்